கிரேஸ் ஜோன்ஸின் பத்துப் பாடல்கள்

ஜமைக்காவில் 1948-ஆம் ஆண்டு பிறந்து, நியூயார்க்கிலும் பாரிஸிலும் மாடலாகப் புகழெய்தி, பின்னரே சங்கீத உலகில் பிரவேசித்த கிரேஸ் ஜோன்ஸின் தேர்ந்த பாடல்கள் பத்தினை, ‘ஐலண்ட் லைஃப்’ என்ற பெயரில் 1985-இல் ஐலண்ட் நிறுவனம் ஒரே இசைத்தட்டாக வெளியிட்டது.

ஆரம்பப் பாடல்கள், தயாரிப்பாளர் டாம் மோல்டன் உருவாக்கிய டிஸ்கோ ரகம். அட்சரந்தோறும் ஒரே சீராக முரசு அறையும் நடன விடுதிச் சங்கீதம். அதில் ஜோன்ஸின் கனத்த சாரீரம் சற்றே திணறுகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் 1980-இல், ஐலண்ட் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல்லின் முயற்சியால், பஹாமாஸ் தீவின் நாசோ நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் ஸ்லை டன்பாரின் ட்ரம்ஸும் ராபி ஷேக்ஸ்பியரின் பேஸ் கிட்டாரும் அவருக்குத் துணைநின்றபோதுதான், முதல் அட்சரத்தை வெறுமையாக விட்டு மூன்றாவதில் கனத்தை இறக்கும், ஜமைக்காவின் ரெகே தாளத்தின் மௌன இடைவெளிகளில், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே சஞ்சரிக்கும் அக்குரல் தன் ஸ்வரூபத்தைக் கண்டுகொண்டது.

அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியாசோலா இயற்றிய ‘லிபர்டாங்கோ’வை அவர் கையாண்ட விதத்தைக் கேளுங்கள்: அடியில் ரெகே நிதானமாக நடக்க, மேலே அக்கார்டியன் விம்ம, இடையே பிரெஞ்சு மொழியில் அவர் பேசுகிறார், மூன்று தேசங்கள் ஒரே பாட்டில் விரோதமின்றி வாசம் செய்கின்றன!

‘ஐலண்ட் லைஃப்’ இசைத்தட்டின், ஒற்றைக் காலில் அவர் நிற்கும் மேலட்டைச் சித்திரமோ, ஜான்-பால் கூட் பல புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் சமைத்தது. எந்த மனித தேகத்துக்கும் அந்நிலை சாத்தியமில்லை.

ரெகேயை இதுவரை அறியாத வாசகர்கள், அந்த ‘லிபர்டாங்கோ’விலிருந்தே கேட்கத் தொடங்கலாம்.