ஈரக்காற்று தின்ற விளிம்பு

ஆடி மாதத்தில் திருவேற்காட்டுத் தெருக்களில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்களை முழக்கும் குழாய் ஒலிபெருக்கி, நெடுந்தூரம் எட்டவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகத் தாழ்ந்த ஸ்வரங்களைத் துறந்துவிட்ட வஸ்து. அப்பாடல்களையே 1970களின் ஹை-ஃபை பெட்டியொன்றில் கேட்பவருக்குத்தான் தோல்வாத்தியங்களின் அடித்தொனி பிரத்தியட்சமாகிறது. ஆனால் பழம்பெட்டிகள் பலவற்றில் முதலில் கெடுவதும் அந்த அடித்தொனியே.

குற்றம் காந்தத்தினுடையதன்று. எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர், பெட்டியை இறுக மூடி உள்ளே அடைபட்ட காற்றையே ஒலியெழுப்பும் கூம்புக்குச் சுருள்வில்லாக்கும் உபாயத்தை 1954-ல் நடைமுறைக்குக் கொணர்ந்தபின், கூம்பின் விளிம்பு மிக இளகியதாக இருத்தல் அவசியமாயிற்று. அந்த இளக்கத்தை வேண்டிப் பிற்காலத்து உற்பத்தியாளர் பலர் பாலியூரித்தேன் ஃபோம் வளையத்தை நாடினர். அதன் ரசாயனப் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் சிறிது சிறிதாக அறுக்கும். கூவம் ஓடும் இவ்வூரின் புழுக்கத்தில், பெட்டி பாடினாலும் பாடாமல் மூலையில் கிடந்தாலும் அந்த வளையம் அழிந்தே தீரும். முன்துணியைக் கழற்றி விரலால் தொட்டால் பிசுபிசுத்து உதிர்கிறது. ரப்பர் விளிம்பு உடையவை இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள்.

‘கோனையே (கூம்பையே) மாற்றிவிடலாம்’ என்று கடையில் சொல்வார்கள். கூடுமானவரை உடன்படலாகாது என்பது என் அபிப்பிராயம். கூம்பின் எடையும் அதைத் தாங்கும் பாகங்களின் விறைப்பும் சேர்ந்தே அதன் இயற்கை அதிர்வெண்ணை நிர்ணயிக்கின்றனவாதலால், எடை வேறான கூம்பைப் பொருத்தினால் பெட்டி பழையதாயிருக்க ஒலி மட்டும் அந்நியமாகிவிடும். விளிம்பை மட்டும் மாற்றுவதே முறை. நடுவிலுள்ள தூசிமூடியைப் பிளேடால் எடுத்து, கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயிலின் உட்புறம் சுற்றிலும் மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் செருகி, அது மையம் பிசகாதபடி நிறுத்திப் புது வளையத்தை ஒட்டுகிறார்கள். பசை காய்ந்தபின் துண்டுகளை உருவிவிட்டுக் கூம்பை விரல்களால் சமமாக அழுத்தினால், மயிரிழை பிசகியிருந்தாலும் ‘சர்’ரென்ற உராய்வு காட்டிக்கொடுத்துவிடும். உயர்ந்த ஸ்வரங்களைப் பாடும் ட்வீட்டருக்கு முன் நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரையும் அளந்து பார்த்து, மதிப்பு பிறழ்ந்திருந்தால் மாற்றவேண்டும். அதிக விலையுள்ளதைப் போட்டால் ஒலி தெய்விகமாகிவிடும் என்று நம்புவோரை நான் தடுப்பதில்லை.

இனி மதிப்பீடு, இதுவே சூட்சுமமான காரியம். ஒலியளவு குறையக் குறையத் தாழ்ந்த ஸ்வரங்களே செவிக்கு அதிகமாக மங்குகின்றன என்பதை ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினர். ஆகவே அளவைச் சமப்படுத்தாமல் இரு பெட்டிகளை ஒப்பிடுவது வீண். கண்ணோ அதனினும் பெரிய வஞ்சகன்: ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட பரிசோதனையில், பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண் இட்டவர்களே, அவை மறைக்கப்பட்டதும் வேறு விதமாகத் தீர்ப்பளித்தனர். எனவே மெல்லிய திரைக்குப் பின்னால் வலம், இடம் இரண்டையும் ஒவ்வொன்றாக, ஒரே பதிவைக் கொண்டு, ஒரே அளவில் பாடவிட்டுக் கேட்கவேண்டும். இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தால் வேலை பெரும்பாலும் சுத்தம். அப்போதும், பல வருஷம் மெலிந்த ஒலிக்கே செவி பழகிப்போன உரிமையாளர் ‘பேஸ் அதிகமாகிவிட்டதே’ என்று குறைப்படக்கூடும். உடனே பெட்டியைத் திறக்காமல், ஒரு வாரம் கேட்டுவிட்டு வரச் சொல்லலாம். அதற்குள் புது விளிம்பும் சற்று இளகியிருக்கும்.