எந்திரம் உங்களுடையது, பாஸ்வேர்டு யாருடையது?

நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குள் தகடு வெட்டும் சிஎன்சி பிளாஸ்மா மேசை நுழைந்திருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் ரேப்பியர் தறிகளில் பாவு விடுவதையும் துணி சுருட்டுவதையும் சர்வோ மோட்டார் கவனித்துக்கொள்கிறது. கடன் வாங்கி இப்படியோர் எந்திரத்துக்கு ஆர்டர் கொடுப்பவர் வேகம், துல்லியம், பிராண்டு, விலை எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார். ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறார்: நின்றுபோனால் இதைத் திறந்து சரிசெய்ய யாரால் முடியும்? எந்திரத்தை இயக்கும் கணினியான கன்ட்ரோலரின் பாஸ்வேர்டு விற்றவரிடமே இருந்தால், அவருடைய ஆள் வரும்வரை பட்டறை சும்மா கிடக்கும். வங்கித் தவணையோ மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். வாங்குபவருடைய உரிமை பெரும்பாலும் ஆர்டர் கடிதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

பிளாஸ்மா மேசையையே எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பாலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மோட்டார், டார்ச்சைப் பக்கவாட்டில் நகர்த்த ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று. இரு முனை மோட்டார்களும் ஒன்றுபோல் ஓடாவிட்டால் பாலம் கோணிக்கொள்ளும். சதுரத் தகடு சாய்வாக வரும். மோட்டாரை ஓட்டும் டிரைவுக்குக் கட்டளை அனுப்பும் பல்ஸ் முறை மலிவானது, பல பிராண்டு டிரைவுகள் ஏற்பது. ஆனால் பிளாஸ்மா எழுப்பும் மின் இரைச்சலில் பல்ஸ் கூடலாம், குறையலாம். மோட்டாரின் உண்மையான இடம் கன்ட்ரோலருக்குத் திரும்பி வராத அமைப்பில், இந்தப் பிழை வெட்டி முடித்த தகட்டில்தான் தெரியவரும். 2003இல் ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஈதர்கேட் வலையமைப்பில் ஒவ்வொரு டிரைவும் தன் நிலையைத் திருப்பிச் சொல்லும். பல நிறுவனங்கள் அதற்கு டிரைவ் தயாரிக்கின்றன. வேறு சில வலையமைப்புகளோ சொந்த டிரைவை மட்டுமே ஏற்கும். மோட்டாரின் இடத்தை அளந்து சொல்லும் என்கோடரிலும் இதே சிக்கல் உண்டு: ஒரு பிராண்டு மோட்டாரின் என்கோடரை இன்னொரு பிராண்டு டிரைவ் பெரும்பாலும் படிக்காது, எனவே டிரைவ் எரிந்தால் மோட்டாரையும் சேர்த்து மாற்ற நேரிடும். என்கோடர் பேட்டரி தீர்ந்து தொடக்கப்புள்ளி அழிந்துபோவது சின்ன விஷயம்தான். அதைத் திரும்ப அமைக்கும் திரை பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்தால் அதுவே பல நாள் வேலை இழப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? பொருள் எதற்கு வேண்டும் என்று தெரிவித்து, அதை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் திறமையை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் தானே சேர்த்துவிடுகிறது. குறிப்பிட்ட பொருளை வணிகப் பெயர் சொல்லி வாங்கினால் அந்த நிபந்தனை இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே "இன்ன பிராண்டு, 4 ஆக்ஸிஸ்" என்று மட்டும் எழுதுவது ஆபத்து. எந்தத் தடிமனில், எவ்வளவு பிசகுக்குள், கோடையில் 40 டிகிரி தாண்டும் கூடத்தில் நாளுக்கு எத்தனை மணி நேரம் வெட்ட வேண்டும் என்று எழுதுங்கள். வணிக நோக்கத்துக்காக வாங்குபவருக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு பொதுவாகத் திறக்காது. ஒரு சிஎன்சி கடைசல் எந்திரம் தொடர்பாக மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனம் ஒன்று தொடுத்த லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆனால் பிழைப்புக்காகத் தானே எந்திரத்தை ஓட்டுபவர், ஓரிரு உதவியாளர் வைத்திருந்தாலும், நுகர்வோரே என்று தெளிவுபடுத்தியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் செய்பவருக்கு இந்த விலக்கை அளிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பத்துப் பேரை வைத்து நடத்தும் பட்டறைக்காரர் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

புரோகிராம் எங்கள் உழைப்பு, கொடுத்தால் போட்டியாளர் நகலெடுப்பார் என்று எந்திரம் கட்டுபவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மூல நிரலை யாரும் கேட்கவில்லை. டிரைவ் பாராமீட்டர்கள், திரும்ப ஏற்றக்கூடிய பேக்கப் கோப்பு, பராமரிப்பு நிலைப் பாஸ்வேர்டு, மின் வரைபடம் ஆகியவை போதும். முறையாக வாங்கிய கணினி நிரல் அழிந்துபோகாமல் இருக்க பேக்கப் எடுத்துக்கொள்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே அனுமதிக்கிறது. சிறிய வாடிக்கையாளர் கேட்டால் யார் கொடுப்பார்கள் என்ற தயக்கமும் இயல்புதான். ஆனால் பேரம் பேசும் பலம் அட்வான்ஸ் கைமாறும்வரை வாங்குபவரிடமே இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் வேளாண் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகியவை. தொழிற்கூட எந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் உங்கள் கடிதத்தில் இருப்பதை நம்பித்தான் நீங்கள் வாதாட முடியும்.

எமர்ஜென்சி சுவிட்ச் மென்பொருளை நம்பி இராமல் மோட்டாரின் விசையை நேரடியாகத் துண்டிக்க வேண்டும், ஏறி இறங்கும் அச்சுக்கு பிரேக் வேண்டும் என்பதையும் கடிதத்தில் சேருங்கள். ஓட்டுபவரின் கை அதை நம்பியிருக்கிறது. புகாருக்கு நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டு, சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு கெடு என்பதால், பழுதை அன்றன்றே எழுத்தில் தெரிவித்து நகல் வையுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், உங்கள் கண் முன்னே கன்ட்ரோலரைக் காலிசெய்து, உங்களிடம் தந்த பேக்கப்பிலிருந்தே எந்திரத்தை மறுபடி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.