கண்காணிப்புக் குழுக்களின் பலமும் பலவீனமும்

மாணவர்களே, ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு என்பது நமக்குத் தொலைவான பாடமன்று. 2002 பெப்ரவரி 22 இல் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அப்போது களுவாஞ்சிக்குடி அமைந்துள்ள எழுவான்கரை அரச கட்டுப்பாட்டிலும், வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன.

1. அமைப்பு: நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய 5 நாடுகளின் ஆயுதமற்ற கண்காணிப்பாளர்கள். மட்டக்களப்பிலும் அலுவலகம் இயங்கியது.

2. அதிகாரம்: மீறல்களை விசாரித்து அறிக்கையிடலாம், தடுக்கவோ தண்டிக்கவோ முடியாது.

3. நெருக்கடி: 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. ஒன்றிய அங்கத்தவர்களான சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகியன நடுநிலையாக இயங்க முடியாதெனக் கூறி, அவற்றின் கண்காணிப்பாளர்கள் வெளியேறவேண்டுமெனப் புலிகள் கோரினர். நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டுமே எஞ்சின.

4. முடிவு: அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியதால் 2008 ஜனவரி 16 உடன் பணி முடிவுற்றது.

ஒப்பீடு: ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பு 2014 இல் உக்ரேனுக்கு அனுப்பிய கண்காணிப்புக் குழுவும், நீடிப்புக்கு ரஷ்யா இணங்காமையால் 2022 மார்ச் 31 இல் ஆணையை இழந்தது.

நினைவிற் கொள்க: கண்காணிப்பாளரின் பலம் தரப்பினரின் சம்மதமே. அது நீங்கினால் மக்களுக்குக் காவலில்லை. விடையில் இரு உதாரணங்களையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.