வைஃபை ஓகே, மொபைலில் நெட் ஓகே... லேப்டாப்பில் மட்டும் வரலையா? விபிஎன் விட்டுச்சென்ற 'விர்ச்சுவல்' கார்டை செக் பண்ணுங்க!

காலை 9 மணிக்கு லாகின். வைஃபை சிக்னல் ஃபுல்லா காட்டுது. அதே வைஃபையில் மொபைலில் வீடியோ ஓடுது. ஆனால், லேப்டாப்பில் ஒரு பேஜ்கூட ஓபன் ஆகாது. இல்லையென்றால் ஆபீஸ் விபிஎன் 'கனெக்டிங்' என்பதிலேயே நிற்கும். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் பலன் இருக்காது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இப்படிப் போகும் அரை மணி நேரம்கூட லேட் லாகின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரே வைஃபையில் மொபைல் வேலை செய்கிறது, லேப்டாப் மட்டும் செய்யவில்லை என்றால், பிரச்னை பெரும்பாலும் லேப்டாப்புக்குள்தான். அதில் பலர் கவனிக்காத ஒன்று, விர்ச்சுவல் நெட்வொர்க் அடாப்டர்.

அது என்ன அடாப்டர்?

லேப்டாப்பில் வைஃபைக்கென நிஜமான ஒரு கார்டு இருக்கும். விபிஎன் ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போது, அது ஒரு டிரைவரைப் போட்டு, வெறும் சாஃப்ட்வேரால் ஆன இன்னொரு கார்டை உருவாக்குகிறது. விண்டோஸின் கணக்கில் இதுவும் ஒரு நெட்வொர்க் கார்டுதான். நீங்கள் அனுப்பும் டேட்டா முதலில் இங்கே வரும். விபிஎன் ஆப் அதை என்கிரிப்ட் செய்து, பிறகு வைஃபை வழியாக வெளியே அனுப்பும். 'டேப்-விண்டோஸ்', 'வின்டன்' போன்ற பெயர்கள் அடாப்டர் லிஸ்ட்டில் தெரிந்தால், அவை இந்த ரகம்தான்.

மோதல் எப்படி வருகிறது?

ஆபீஸுக்கு ஒரு விபிஎன், சொந்த உபயோகத்துக்கு ஒன்று என இரண்டு ஆப் இருந்தால், இரண்டும் ஒரே டேப் அடாப்டருக்குப் போட்டி போடலாம். அப்போதுதான் 'எல்லா அடாப்டர்களும் பயன்பாட்டில் உள்ளன' என்ற அர்த்தத்தில் எரர் மெசேஜ் வரும். விபிஎன் ஆப் பாதியில் கிராஷ் ஆனால், அது மாற்றிவைத்த ரூட், டிஎன்எஸ் செட்டிங்ஸ் அப்படியே தங்கிவிடலாம். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் டிரைவர் மட்டும் உள்ளேயே இருப்பது உண்டு. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பழைய டிரைவர் மக்கர் பண்ணுவதும் உண்டு.

எப்படிச் சரிசெய்வது?

ஆபீஸ் லேப்டாப் என்றால் முதல் ஸ்டெப்போடு நிறுத்திவிட்டு ஐடி டீமைக் கூப்பிடுங்கள். டிரைவரை நீக்க அட்மின் அனுமதி வேண்டும். கம்பெனி பாலிசியும் இருக்கும். சொந்த லேப்டாப் என்றால், சின்ன வேலையில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போங்கள்.

1. எல்லா விபிஎன் ஆப்களையும் முழுசாக க்விட் செய்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆப்பில் 'கில் ஸ்விட்ச்' ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். விபிஎன் துண்டிக்கப்பட்டால் நெட்டையே நிறுத்துவதுதான் அதன் வேலை. அதை ஆஃப் செய்ததும் நெட் வந்துவிட்டால் டிரைவரைத் தொடவே வேண்டாம்.

2. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் > நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் > அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் போனால் அடாப்டர் லிஸ்ட் வரும். விபிஎன் அடாப்டர்களை ஒவ்வொன்றாக 'டிசேபிள்' செய்து பாருங்கள். எதை நிறுத்தியதும் நெட் வருகிறதோ, அதுதான் வில்லன். தவறான ஒன்றை நிறுத்திவிட்டாலும் பயமில்லை, மறுபடி 'எனேபிள்' செய்தால் போதும்.

3. அந்த அடாப்டருக்கு உரிய ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் வியூ > ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்து, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியைத் திறங்கள். பழைய விபிஎன் அடாப்டர் இன்னும் இருந்தால் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுங்கள். டிரைவரையும் நீக்கவா என்று கேட்டால் டிக் செய்யுங்கள்.

4. தேவையான விபிஎன்னின் புது வெர்ஷனை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

இதையெல்லாம் தொடாதீங்க!

டிவைஸ் மேனேஜரில் 'வேன் மினிபோர்ட்' என்று வருபவை விண்டோஸின் சொந்த அடாப்டர்கள். 'ஹைப்பர்-வி', 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்று இருப்பவை விர்ச்சுவல் மெஷின்களுக்கானவை. பெயரில் 'விர்ச்சுவல்' இருக்கிறதே என்று அவற்றை நீக்கிவிட்டால், டெவலப்பர்களுக்கு அன்றைய வேலையே நின்றுவிடும்.

'டிரைவர் அப்டேட்டர்' என்று பாப்-அப்பில் வரும் இலவச சாஃப்ட்வேர்களும் வேண்டாம். டிரைவர் என்பது சிஸ்டத்தின் ஆழம் வரை போகக்கூடியது. தெரியாத இடத்திலிருந்து அதை இறக்குவது வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதுபோல.

கடைசி ஆயுதம்

எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. பலர் முதலிலேயே இதைத்தான் அழுத்துகிறார்கள். ஆனால், இது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து அமைக்கும். விபிஎன் ஆப்களைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டி வரலாம். அதனால் வைஃபை பாஸ்வேர்டு, விபிஎன் லாகின் விவரங்கள், இன்ஸ்டாலர் ஃபைல் மூன்றும் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதை அழுத்துங்கள். முக்கியமான மீட்டிங்குக்கு 10 நிமிடம் முன்பு வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துக்கு மொபைல் பிரவுசரில் மீட்டிங்கை முடித்துவிட்டு, பிறகு நிதானமாக ரிப்பேரில் இறங்கலாம்.