மே மாதப் பூவை எப்போ விதைக்கணும்?



மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போனால் வாயைப் பிளந்து பார்க்கிறோம். அத்தனை பூவும் ஒரே வாரத்தில் எப்படிப் பூக்குது? யோசித்தீர்களா?

ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா மலைச்சரிவில் 55 ஏக்கரில் உள்ளது. 1848-ல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை நிபுணர் இதை அமைக்கத் தொடங்கினார். 2024-ல் அங்கே 126-வது மலர்க் கண்காட்சி நடந்தது.

பின்னோக்கி எண்ணு!

செண்டுமல்லி விதைத்துப் பூக்க ஏறக்குறைய 2 மாதம். சால்வியாவுக்கு 3 மாதம். குளிரில் இன்னும் தாமதமாகும். அதனால் மே மாதத்திலிருந்து பின்னாடி எண்ணித்தான் எதை எப்போது விதைப்பது என்று முடிவு செய்கிறார்கள். உறைபனியில் நாற்று கருகாமல் இருக்க மிலார் செடிகளால் மூடுகிறார்கள். வசந்த காலத்தில் தொட்டிக்கு மாற்றி, நீர் ஊற்றி, உரமிட்டு வளர்க்கிறார்கள். பிறகு மாடங்களில் நிறம் பார்த்து அடுக்குகிறார்கள்.

முன்னோக்கியும் எண்ணு!

நம்ம ஊருக்கு வருவோம். தெப்பக்காடு ரோட்டோரம் உண்ணிச்செடி இருக்கே, அது நம் நாட்டுச் செடி இல்லை. அமெரிக்காவிலிருந்து சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அழகுக்காகக் கொண்டு வந்தது! பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. இன்று முதுமலையில் அது படர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. மானும் யானையும் எதைத் தின்னும்? மஞ்சளாகப் பூக்கும் சீமைக்கொன்றையும் அப்படித்தான். அழகுக்கு நட்டது காட்டுக்குள் பரவியதால் வனத்துறை அதை அகற்றுகிறது. வெட்டிய மரம் காகிதம் செய்யப் போகிறது.

போன வருஷம் நம் பள்ளி வாசலில் சீமைக்கொன்றை நடலாம் என்று நான்தான் சொன்னேன். பூ அழகா இருக்குன்னு! என் மாமா (வேட்டைத் தடுப்புக் காவலர்) சிரித்துவிட்டு, "நாங்க பிடுங்குறோம், நீ நடுறியா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

சரக்கொன்றையும் மஞ்சள் பூதான். சித்திரையில் சரம் சரமாகத் தொங்கும். அது நம்ம காட்டு மரம். வாசலுக்கு அதுவே போதுமே!

தோட்டம் போடுகிறவர் பூக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணணும். அந்தச் செடி 50 வருஷம் கழித்து என்ன செய்யும் என்று முன்னோக்கியும் எண்ணணும்.

நடும் முன் யோசிப்போம்! காட்டைக் காப்போம்!