இணையத்தில் இருக்கிறது, தேடினால் வராது

திருமழபாடி, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரை ஊர். ஆடி, ஆவணியில் அங்கே நிலம் வைத்திருப்பவருக்கு இரண்டு கணக்குகள் வேண்டும்: மேட்டூரில் எத்தனை கன அடி திறந்திருக்கிறார்கள், தன் பக்கத்தில் நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது. இரண்டையும் அரசு அளக்கிறது, இணையத்திலும் போடுகிறது. ஆனால் கைபேசியில் தமிழில் தேடினால் பெரும்பாலும் முந்திக்கொண்டு வருவது செய்தித் தளங்களும் யூடியூபும்தான்.

காரணம் எளியது. தேடுபொறியின் க்ராலர் ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குத் தாவித்தான் பக்கங்களைப் படிக்கும். மத்திய அரசின் 'இந்தியா-விரிஸ்' நீர்வளத் தளத்திலோ மாநிலம், மாவட்டம், தேதி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்த பிறகே எண்கள் திரையில் எழும். க்ராலர் அந்தப் பட்டியலைத் திறந்து அரியலூரைச் சொடுக்கிக் காத்திருக்காது. தனக்கென்று நிலையான முகவரி இல்லாத எண், கூகுளைப் பொறுத்தவரை இல்லாத எண்தான்.

தமிழுக்கு இன்னொரு தொல்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அப்படி ஒரு பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஸ்கேன் செய்த பக்கத்தையாவது தேடுபொறி இன்று தட்டுத் தடுமாறிப் படிக்கிறது. இந்தப் பழைய எழுத்துரு ஆவணத்தையோ அது தமிழாகப் படிப்பதில்லை.

படிவத்துக்குப் பின்னால் எண்கள் ஒளிந்துகொள்ளும் சிக்கல் அமெரிக்காவிலும் இருந்தது. 2005இல் கூகுள் 'சைட்மேப்' முறையைக் கொண்டுவந்தது. தளத்தில் உள்ள எல்லாப் பக்கங்களின் முகவரிகளையும் ஒரே கோப்பில் எழுதி வைத்துவிட்டால், க்ராலர் படிவங்களை நிரப்பாமலே உள்ளே போய்விடும். 2007இல் அரிசோனா, கலிபோர்னியா, யூட்டா, வர்ஜீனியா மாநிலங்கள் கூகுளோடு சேர்ந்து தங்கள் தரவுத்தளங்களை இப்படித் திறந்துவிட்டன.

நம்மூரில் வழக்கமாகப் பிறப்பது செயலி. மத்திய நீர் ஆணையம் 2023 ஆகஸ்டில் வெள்ளம் பற்றிய செயலி ஒன்றை வெளியிட்டது. வந்தபோது ஆங்கிலமும் இந்தியும்தான். அதில் இருப்பது நல்ல தகவல். ஆனால் செயலிக்குள் இருப்பது தேடலில் வராது. கொள்ளிடத்தின் முக்கொம்பு அணை மதகுகள் உடைந்த 2018 ஆகஸ்ட் 22 போன்ற ஓர் இரவில் யார் செயலியைத் தேடி இறக்கிக்கொண்டிருப்பார்கள்?

இதற்கு நேர்மாறாக, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளத்தில் பயிருக்கும் நோய்க்கும் தனித்தனிப் பக்கம், தமிழிலேயே எழுத்து. பார்க்கப் பழைய பாணிதான். ஆனாலும் நெல் குலை நோய் என்று தேடுகிறவருக்கு அது கிடைக்கிறது.

நிலத்தடி நீருக்கும் இதைச் செய்யலாம். தமிழ்நாட்டில் அதைக் குறுவட்ட வாரியாகவே மதிப்பிடுகிறார்கள். குறுவட்டத்துக்கு ஒரு பக்கம், ஊர்ப்பெயரோடு ஒரு தமிழ்த் தலைப்பு. ஒரு முறை நிரல் எழுதினால் மாதந்தோறும் எண் தானாக மாறிக்கொள்ளும். முகவரி மட்டும் மாறக் கூடாது. தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய இணைப்புகளையெல்லாம் சாகடிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களுக்கு உண்டு. அதைச் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.