விரிசலில் ஒளிந்திருக்கும் நீர்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி வழியே காரில் செல்வோருக்கு இது புதிதன்று. முன்னே போகும் லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு ஜல்லித் துணுக்கு தெறித்து வந்து, காரின் முன்கண்ணாடியில் ‘டக்’கென்று மோதும். மிளகளவு பள்ளம், அதைச் சுற்றி நட்சத்திரம்போல் மெல்லிய விரிசல்கள். முன்கண்ணாடி என்பது இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது. ஆதலால் அது நொறுங்கி விழுவதில்லை. பெரும்பாலும் வெளித்தகடு மட்டுமே காயப்படுகிறது. அக்காயத்தில் திரவப் பிசினைச் செலுத்திப் புற ஊதா ஒளியால் இறுகச் செய்தால், கண்ணாடியை மாற்றாமலே தப்பலாம்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வைத்தியம் பல சமயம் பலிப்பதில்லை. விரிசலுக்குள் நீர் புகுந்திருப்பதே காரணம்.

அந்த நீர் தன்னை மறைத்துக்கொள்வதோடு விரிசலையும் மறைத்துவிடுகிறது என்பதுதான் வேடிக்கை! கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, நீருக்கு 1.33; காற்றுக்கு 1. காற்று நிரம்பிய விரிசலில் நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 சதவீதத்தை எதிரொளிக்கிறது. விரிசல் வெள்ளிக் கோடாக மின்னுகிறது. நீர் புகுந்ததும் இது அரை சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடும். குளியலறைச் சன்னலின் மங்கல் கண்ணாடியில், சொரசொரப்பான பக்கத்தை நனைத்துப் பாருங்கள்; அப்பால் உள்ளவை ஓரளவு தெரியும். அதே கதைதான் இங்கும். மழைக்குப் பின் ‘கீறல் தானாகக் குறைந்துவிட்டது’ என்று மகிழ்பவர் ஏமாறுகிறார்.

துடைத்தால் போகாதா? போகாது. விரிசலின் முனை மயிரிழையைவிடக் குறுகியது. நுண்புழைக் கவர்ச்சி நீரை முனைவரை இழுத்துச் சென்று இறுகப் பிடித்துக்கொள்கிறது. பிசின் நீருடன் கலக்காதாகையால், மேலே பிசின் இறுகியதும் உள்ளே நீர் சிறைப்படும். அங்கே ஒட்டு விழாது. நாளடைவில் வெண்மையான மங்கல் தோன்றும். இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. கண்ணாடியில் சிலிக்கன் அணுக்களை ஆக்சிஜன் அணுக்கள் பாலம்போல் இணைக்கின்றன. இழுவிசைக்கு உட்பட்ட அப்பாலங்களை நீர் மூலக்கூறுகள் தாக்கி அறுக்கின்றன. ஈரம் மிகுந்தால் கண்ணாடி விரிசல் விரைந்து வளர்கிறது என்பதை அமெரிக்க அறிஞர் வீடர்ஹார்ன் 1967-இல் அளந்து வெளியிட்டார். அந்த விரிசல் ஓட்டுநரின் பார்வைக்கு நேரே வளர்ந்தால் என்னவாகும்?

நீரை வெளியேற்றப் பழுது பார்ப்பவர் சிறு கைப்பம்பால் பள்ளத்தின்மேல் காற்றழுத்தத்தைக் குறைக்கிறார். 30 டிகிரி செல்சியசில் நீர் கொதிக்க வேண்டுமானால், 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் 32-க்கு இறங்கவேண்டும். சிறு பம்புக்கு அது எளிதன்று. கண்ணாடி 50 டிகிரியில் இருந்தாலோ, 92 மில்லிமீட்டரே போதும். ஆகவே வெதுவெதுப்பும் வெற்றிடமும் கைகோக்க வேண்டும். அதற்காக லைட்டரைக் காட்டுவது மடமை. கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது; சூடுபட்ட இடம் மட்டும் விரிவடைய, சுற்றுப்புறம் இழுபட்டு விரிசல் நீளும். தலைமுடி உலர்த்தும் கருவியால், காரின் உட்புறமிருந்து, மெல்ல மெல்லச் சூடேற்றுவதே முறை. உலர்ந்ததா என்று அறிய விரிசலையே பாருங்கள். மங்கியிருந்த கோடுகள் மீண்டும் பளிச்சென்று மின்னும். கண்ணாடி ஆறிய பிறகே பிசின்.

கல் பட்டவுடன், மழைக்கு முன்பே, பள்ளத்தின்மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிட்டால் இந்தப் பாடு பெரும்பாலும் மிச்சம். பழுது பார்க்கும்வரை காரைக் கழுவ வேண்டாம்.